மறைமாவட்டமே இல்லாத ஊருக்கு ஓர் ஆயர்: பிரெசியாக் கதை வழியாக ஓர் அறிமுகம்

கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் யார் என்று தேடினால் இரண்டு பெயர் வரும். மெல்க்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்பது ஒன்று, ஜோசப் லூயி பர்தூ என்பது இன்னொன்று. இருவருமே பிரெஞ்சுக்காரர்கள், இரண்டு பதிலுமே சரி. பர்தூ ஆயராக இருந்த காலத்தில், 1886இல்தான் கோயம்புத்தூர் முறைப்படி மறைமாவட்டம் ஆனது. பிரெசியாக் அதற்கு 40 வருஷம் முன்பே அங்கே ஆயராக வந்துவிட்டார். மறைமாவட்டமே இல்லாத இடத்தில் ஆயருக்கு என்ன வேலை, யார் அவரை அனுப்பினார்கள், அவருக்கு என்ன அதிகாரம்? 19ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க வேதபோதக ஆயர்களைப் பற்றிப் படிக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இது புரியாமல் அவர்கள் வாழ்க்கையைப் படித்தால், ஏன் இந்த மனுஷன் இவ்வளவு புலம்புகிறார் என்று மட்டும்தான் தோன்றும்.

சாதாரணமாக ஓர் ஆயர் என்றால் அவருக்கு ஒரு மறைமாவட்டம் உண்டு, பேராலயம் உண்டு, அது அவருடைய சொந்தப் பொறுப்பு. வேதபோதக நாடுகளில் அப்படி இல்லை. அங்கே திருச்சபை இன்னும் வேர்விடவில்லை என்று ரோம் கருதியதால், அந்தப் பகுதிக்குத் திருத்தந்தையே நேரடி ஆயர் என்பது கணக்கு. அவரோ ரோமில் இருக்கிறார். அதனால் தன் பெயரில் காரியம் பார்க்க ஒருவரை அனுப்புகிறார். அந்த ஆளுக்குத்தான் அப்போஸ்தலிக்க விகார் என்று பெயர், அவருடைய எல்லைக்கு விகாரியேட். பள்ளிக்கூடத்தில் பொறுப்புத் தலைமையாசிரியர் என்று ஒருவரைப் போடுவார்கள் இல்லையா, எல்லா வேலையும் அவர் தலையில் இருக்கும், நாற்காலி மட்டும் அவருடையது என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய அந்த நிலைமை.

இதில் ஒரு சிக்கல். குருக்களுக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்றால் அவர் ஆயராக அபிஷேகம் பெற்றிருக்க வேண்டும். ஆயராக அபிஷேகம் செய்ய வேண்டும் என்றால் அவருக்கு ஒரு மறைமாவட்டத்தின் பெயர் வேண்டும். இதற்கு ரோம் கண்டுபிடித்த வழி கொஞ்சம் வேடிக்கையானது: ஒரு காலத்தில் ஆயர் இருந்து, பிற்பாடு கிறிஸ்தவர்கள் இல்லாமலோ மிகக் குறைந்தோ போன பழைய ஊர்களின் பெயரைக் கொடுத்துவிடுவது. பிரெசியாக்குக்குக் கிடைத்த ஊர் புரூசா. இன்றைய துருக்கியில் இருக்கும் புர்சா. ஆவணங்களில் அவர் புரூசாவின் ஆயர், வேலை பார்த்தது கோயம்புத்தூர் பக்கத்துக் கருமத்தம்பட்டியில். பழைய மேற்றிராணியார்களின் (ஆயரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்) பெயருக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு மத்தியகிழக்கு ஊர் இருந்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

இவர்களை எல்லாம் மேய்த்தது ரோமில் 1622இல் தொடங்கப்பட்ட விசுவாசப் பரப்புதல் பேராயம், அதாவது வேதபோதக நாடுகளைக் கவனிக்கும் திருத்தந்தையின் அலுவலகம். அது தொடங்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு தகராறு இருக்கிறது. ஆசியாவில் கிறிஸ்தவ சபைகளைப் பராமரிக்கும் உரிமையைப் பழைய திருத்தந்தையர்கள் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள், அந்த ஏற்பாட்டுக்குப் பதுருவாதோ என்று பெயர். ஆயரை முன்மொழிவதும் அரசர், செலவு செய்வதும் அரசர். போர்ச்சுகல் பலம் குறைந்த பிறகும் உரிமையை மட்டும் விடவில்லை. ரோம் தன் கையில் பிடியை எடுக்கத்தான் பேராயத்தையும் விகார்களையும் கொண்டுவந்தது. விகார் என்பவர் போர்ச்சுகல் அரசரைக் கேட்காமல் திருத்தந்தை நேரடியாக அனுப்பக்கூடிய ஆள், அதுதான் அந்தப் பதவியின் சௌகரியம். ஆனால் தரையில் என்ன ஆனது? ஒரே ஊரில் கோவாவிலிருந்து வந்த பதுருவாதோ குருக்கள் ஒரு பக்கம், ரோம் அனுப்பிய பிரெஞ்சு குருக்கள் இன்னொரு பக்கம், நடுவில் மக்கள். 1838இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரி பதுருவாதோவின் எல்லையைக் குறைத்து ஆணை போட்டார், கோவா தரப்பு ஏற்கவில்லை, சண்டை இன்னும் முற்றியது. பிரெசியாக் வந்து இறங்கியது அந்த நேரத்தில்.

அவர் பிறந்தது 1813 டிசம்பர் 2, தெற்கு பிரான்சில் கஸ்தெல்நோதாரி என்ற ஊரில். பிரபுக் குடும்பம், ஆனால் பிரெஞ்சுப் புரட்சியில் சொத்து போன பிரபுக் குடும்பம். 1838இல் குருப்பட்டம் வாங்கி சொந்த ஊரிலேயே உதவிப் பங்குக் குருவாக இருந்தார். தூர தேசம் போக வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1841இல் பாரிஸ் வேதபோதக சபையில் சேர்ந்தார். அந்தச் சபையைப் பற்றி ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடப்பதெல்லாம் அதைச் சுற்றித்தான்: 17ஆம் நூற்றாண்டில் அது உருவானபோதே அதன் முதல் நோக்கம், போகிற நாட்டில் அந்த நாட்டு மக்களிலிருந்தே குருக்களை உருவாக்குவது. தாங்களே என்றென்றைக்கும் பங்கு நடத்துவது அல்ல.

1842 ஏப்ரலில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது, ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். ஜூலை கடைசியில் புதுச்சேரி. அப்புறம் தமிழ் படிக்கவும் வேலை பழகவும் சேலத்துக்கு அனுப்பினார்கள்.

புதுச்சேரியில் அப்போது விகாராக இருந்தவர் ஆயர் பொன்னாந். அவர் 1844இல் தன் குருக்களை எல்லாம் கூட்டி ஒரு சினட் நடத்தினார். பிரெசியாக் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஆனால் கவனிக்கப்பட்டார், ஏனென்றால் சுதேச குருக்கள், அதாவது இந்த நாட்டுக் குருக்கள், விஷயத்தில் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. சீக்கிரமே அவரைப் புதுச்சேரியில் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்குத் தலைவராகப் போட்டார்கள்.

இந்தச் சுதேச குருக்கள் விஷயம் என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் யாரும் எதிர்க்கவில்லை. சபையின் நோக்கமே அதுதானே. நடைமுறையில், தமிழ்க் குரு ஒருவர் லத்தீன் படித்து, இறையியல் படித்து, பட்டமும் வாங்கி வந்தாலும், அவர் வெள்ளைக்காரக் குருவுக்குக் கீழே உதவியாளர். வயதில் மூத்தவராக இருந்தாலும் நேற்றுக் கப்பலில் இருந்து இறங்கிய இளைஞருக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும். இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை ஆங்கிலேய அதிகாரிகள் சுயாட்சி பற்றிச் சொன்னதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது: இன்னும் தயாராகவில்லை, இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டும். பிரெசியாக்கின் நிலைப்பாடு நேர் எதிர். தயாராகவில்லை என்றால் தயார்படுத்து, பொறுப்பைக் கொடுத்துத் தயார்படுத்து, குருக்கள் மட்டும் போதாது, அவர்களிலிருந்து ஆயர்களும் வரவேண்டும்.

சினட்டின் தீர்மானங்களை ரோமுக்கு எடுத்துப் போனவர் லுக்கே என்ற இளம் குரு. அவர் அங்கே போய் சுதேச குருக்களுக்காக நன்றாகவே வாதாடினார். பேராயமும் 1845 நவம்பர் 23 தேதியிட்டு ஓர் அறிவுரை மடலை வெளியிட்டது. சுதேச குருக்களை வெறும் உதவியாளர்களாக நடத்தும் வழக்கம் ஒழிய வேண்டும், ஆயர் பதவிக்கும் தகுந்தவர்களாக அவர்களை வளர்க்க வேண்டும் என்பதுதான் சாரம். அந்தக் காலத்துக்கு மிகவும் முன்னால் போன ஆவணம். சரி, லுக்கே என்ன ஆனார்? அவரை ஆயராக்கி பொன்னாந்துக்குத் துணையாகப் புதுச்சேரிக்கே அனுப்ப ரோம் நினைத்தது. இங்கே இருந்த பிரெஞ்சு குருக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் திரும்பி வரவே முடியவில்லை. ரோமில் ஒரு கடிதம் எழுதிவிட்டால் காவிரிக்கரையில் காரியம் நடந்துவிடும் என்பது இல்லை, பாருங்கள்.

இந்தச் சமயத்தில் புதுச்சேரி விகாரியேட் மிகப் பெரிதாக இருக்கிறது என்று மைசூர், கோயம்புத்தூர் இரண்டையும் பிரித்தார்கள். கோயம்புத்தூருக்குப் பிரெசியாக். அபிஷேகம் 1846 அக்டோபர் 4, கருமத்தம்பட்டியில். அன்றைக்கு அக்டோபர் முதல் ஞாயிறு, அந்தக் காலத்து நாட்காட்டியில் ஜெபமாலை மாதா திருநாள். கருமத்தம்பட்டி கோவிலும் ஜெபமாலை மாதா பெயரில்தான், பொருத்தமான நாள். அவருக்கு வயது 32. 1850இல் கோயம்புத்தூர் முழு விகாரியேட்டாக ஆனது, அவர் அதன் முதல் விகார். முதலில் கையில் எடுத்தது குருமடம். கோயம்புத்தூர் நகரில் இன்று இருக்கும் புனித மிக்கேல் பேராலயத்தைத் தொடங்கியதும் இவர் காலத்தில்தான், கட்டி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் சாதியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, பூணூல், சந்தனம், குடுமி எல்லாம் சமூக அடையாளங்கள்தான், மதம் மாறுகிறவர் இவற்றை விட வேண்டியதில்லை என்று சொன்னது பலருக்குத் தெரிந்த கதை. அது வளர்ந்து ஒரு பெரிய சர்ச்சை ஆனது, மலபார் சடங்குச் சர்ச்சை என்று வரலாற்றில் பெயர். 1704இல் ரோமிலிருந்து வந்த துர்னோன் என்ற பிரதிநிதி புதுச்சேரியில் உட்கார்ந்து ஒரு தடைப் பட்டியல் போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக் கூடாது. மஞ்சள் தடவிய 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் பெரியவள் ஆனதற்கு விழா எடுக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டுத் தடவும் ஐரோப்பிய முறையை, தமிழர்களுக்கு அருவருப்பு என்பதற்காக, விட்டுவிடக் கூடாது. இதே பட்டியலில், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும், வாசலுக்குத் தூக்கி வரச் சொல்லக் கூடாது என்பதும் இருக்கிறது. அதாவது தடைகளில் பாதி ஐரோப்பியத் திமிர், பாதி நியாயம், இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இதை இறுதி செய்து, இங்கே வரும் ஒவ்வொரு வேதபோதகரும் இதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்.

நூறு வருஷம் கழித்து பிரெசியாக் வரும்போது நிலைமை இப்படி: எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள், எதைச் செய்தால் சத்தியம் மீறல் என்பதில் ஆளுக்கு ஒரு விளக்கம். கோவிலில் சாதிவாரியாக இடம் பிரிந்திருப்பது அனுமதிக்கப்பட்ட சமூக வழக்கமா, தடை செய்யப்பட்டதா? குருமடத்தில் யாரைச் சேர்ப்பது, யாரோடு யார் சாப்பிடுவது? ஒரு விகாரியேட்டில் விட்டுக்கொடுப்பார்கள், பக்கத்து விகாரியேட்டில் கண்டிப்பார்கள். பிரெசியாக்குக்கு இது மனசாட்சிப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. சத்தியம் செய்துவிட்டு, நடப்பதைக் கண்டும் காணாமல் இருப்பது பாவமா இல்லையா, ரோம் தெளிவாகச் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெளிவான பதில் வரவில்லை.

அவரைச் சாதியை எதிர்த்துப் போராடியவர் என்று காட்ட நினைப்பவர்கள் உண்டு. அது சரியாக இருக்காது. சாதியைப் பெரும்பாலும் சமூக ஏற்பாடாகத்தான் அவர் பார்த்தார், ஒரே நாளில் பிடுங்கிவிட முடியாது என்று நினைத்தார், தமிழ் வழக்கங்களை ஐரோப்பியர்கள் புரியாமலே அவமதிக்கிறார்கள் என்பதில்தான் அவருக்கு அதிகக் கோபம். இன்றைக்கு வாசிக்கும்போது இதில் ஒரு பகுதி நமக்கு உவப்பாக இருக்கும், இன்னொரு பகுதி இருக்காது. அவருடைய மரியாதை எல்லாம் குருமடத்துக்கு வரக்கூடிய சாதிகளின் வழக்கங்களுக்கே போய்ச் சேர்ந்தது, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்ற கேள்வியை அவர் போதுமான அளவு கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய அதிகாரத்தைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். மேலே ரோம், கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கு. கீழே இருக்கும் குருக்கள் பாரிஸ் சபையைச் சேர்ந்தவர்கள், அவர்கள் கண் பாரிஸ் மேல். பக்கத்து விகார்கள் சம அந்தஸ்து, அவர்களை ஒன்றும் சொல்ல முடியாது. பதுருவாதோ குருக்கள் இவரை ஆயராகவே ஏற்பதில்லை. ஆயர் என்ற பட்டம் கிடைத்தும், தான் நம்பிய ஒரு விஷயத்தைத் தன் எல்லைக்குள் முழுசாக நடத்திப் பார்க்க அவருக்கு வழியில்லை. 1854இல் ரோமுக்கே நேரில் போனார். 1855இல் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். 41 வயது. தமிழ் மண்ணில் இருந்தது 12 வருஷம்.

இதோடு கதை முடிந்திருந்தால் தோற்றுப்போன ஒரு மேற்றிராணியார் என்று ஓரிரு வரியில் முடித்திருப்பார்கள். அவர் பேராயத்திடம் போய், யாருமே போகாத இடத்துக்கு என்னை அனுப்புங்கள் என்றார். குறிப்பாகக் கேட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் தாகோமே, இன்றைய பெனின். தனியாளாகப் போக விடமாட்டோம், ஆட்கள் தொடர்ந்து வருகிற மாதிரி ஒரு சபையைத் தொடங்கு என்றார்கள். ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து பணமும் ஆளும் சேர்த்து, 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஃபூர்வியேர் மாதா கோவிலில் ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர்களில் முக்கியமானவர் அகுஸ்தென் பிளாங்க், தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த குரு.

தாகோமேக்கு ரோம் தயங்கியது. அதற்குப் பதிலாக 1858இல் சியரா லியோனில் ஒரு விகாரியேட்டை உருவாக்கிக் கொடுத்தார்கள். தலைநகர் ஃப்ரீடவுன் ஆங்கிலேயர் கையில் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக உருவான ஊர், பிற்பாடு கடலில் ஆங்கிலக் கப்பற்படை பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களையும் அங்கேதான் இறக்கினார்கள். புராட்டஸ்டண்ட் சபைகள் அதற்கு வெகு முன்பே வந்து, 1827இல் ஃபூரா பே கல்லூரியைத் தொடங்கியிருந்தன. அங்கே படித்த சாமுவேல் குரோதர் 1864இல் ஆங்கிலிக்கன் ஆயர் ஆனார், முதல் ஆப்பிரிக்க ஆங்கிலிக்கன் ஆயர். கத்தோலிக்கத் தரப்பில் பிரெசியாக் கேட்டுக்கொண்டிருந்ததை எதிர்த்தரப்பு செய்து காட்டிவிட்டது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

பிரெசியாக் அனுப்பிய முதல் குழு 1859 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. அவர் மே 14 அன்று இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. கொசுதான் அதைப் பரப்புகிறது என்பது நிரூபணமாக 1900 ஆகும், ஆகவே யாருக்கும் எதிலிருந்து தப்புவது என்றே தெரியாது. ஜூன் மாதம் தொடங்கி ஒவ்வொருவராகப் போனார்கள். குருக்கள் ரியோக்ரே, பிரெஸ்ஸோன், அப்புறம் சகோதரர் ஒருவர். ஜூன் 25 பிரெசியாக். மூன்று நாள் கழித்து ரெய்மோன் என்ற குரு. மொத்தக் குழுவில் மிஞ்சியது ஒரே ஒரு சகோதரர், அவரும் நோயோடு பிரான்சுக்குத் திரும்பியவர். ஆப்பிரிக்க மண்ணில் பிரெசியாக் இருந்தது ஆறு வாரம்.

ஒரு சபையின் நிறுவனர் ஆப்பிரிக்காவில் எதுவுமே செய்யாமல் இறந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும், பூசிமெழுக ஒன்றுமில்லை. லியோனில் இருந்த பிளாங்க் சபையைக் கலைக்காமல் நடத்தினார். 1861இல் அவர் அனுப்பிய இத்தாலியக் குரு பொர்கேரோ, பிரெசியாக் முதலில் கேட்ட அதே தாகோமேயின் ஊய்தா துறைமுகத்தில் இறங்கினார். பிளாங்க் 1907இல் இறக்கும் வரை சபை அவர் கையில்தான். அதை வளர்த்து எடுத்தவர் உண்மையில் அவர்.

பிரெசியாக் கேட்ட மற்ற விஷயங்கள்? லத்தீன் வழிபாட்டு முறையில் ஒரு தமிழர், திபூர்சியுஸ் ரோச், தூத்துக்குடி ஆயராக நியமிக்கப்பட்டது 1923இல். மேலே சொன்ன ரோம் மடல் வந்து 78 வருஷம். உகாண்டாவின் ஜோசப் கிவானுகா ஆயரானது 1939இல். வேதபோதகர்கள் மலபார் சடங்குகளுக்கு எதிராகச் செய்ய வேண்டியிருந்த சத்தியத்தை ரோம் 1940இல் எடுத்துவிட்டது, பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாமல்.

2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிரெசியாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்க ஒப்புதல் கொடுத்தார். புனிதர் பட்டத்துக்கான வரிசை தெரியாதவர்களுக்கு: இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர். அவர் இப்போது இரண்டாவது படியில் இருக்கிறார். அடுத்ததற்கு அவர் பரிந்துரையால் நடந்ததாக ஒரு புதுமை வேண்டும், பெரும்பாலும் மருத்துவர்களால் விளக்க முடியாத ஒரு குணமாதல், அதை ரோமில் மருத்துவர் குழுவும் இறையியலாளர்களும் தனித்தனியாகப் பார்த்து ஏற்க வேண்டும்.